கடையில் விற்கிறார்கள், ஆனாலும்: அமெரிக்கக் கஞ்சாச் சட்டத்தில் நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

போன கோடையில் அக்கா மகன் மேற்படிப்புக்காகக் கோவையிலிருந்து நியூஜெர்சி வந்து சேர்ந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மளிகை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, உரிமம் பெற்ற கஞ்சாக் கடை ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றான். காரை எதிர்ப்புறம் நிறுத்தினேன். வாசலில் நின்ற காவலாளி ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டே உள்ளே விட்டார். வெளியே வந்தவர்கள் கையில் வாய் ஒட்டிய வெள்ளைப் பை. நகைக்கடைப் பை தோற்றுப்போகும். பக்கத்துக் கடை முன்னால் ஒரு போலீஸ்காரர் காபி குடித்துக்கொண்டிருந்தார். "அவரே பேசாமல் நிற்கிறார், மாமா. அப்புறம் இதில் என்ன பயம்?" என்றான்.

அவன் பாஸ்போர்ட்டில் இருப்பது எஃப்-1 மாணவர் விசா. பயம் அங்கேதான் இருக்கிறது.

2023-இல் ஒஹாயோ மக்கள் வாக்களித்த பிறகு, பெரியவர்கள் கேளிக்கைக்காகக் கஞ்சா வைத்திருக்க அனுமதிக்கும் மாநிலங்கள் 24 ஆயின. தலைநகர் வாஷிங்டன் தனி. எல்லா இடத்திலும் வயது 21. ஆனால் இவை அனைத்தும் மாநிலச் சட்டங்கள். மத்திய அரசு 1970-இல் கொண்டுவந்த கட்டுப்பாட்டுப் பொருள்கள் சட்டம் கஞ்சாவை முதல் பட்டியலில், ஹெராயினுக்குப் பக்கத்தில் வைத்தது. அதை மூன்றாம் பட்டியலுக்கு இறக்கும் முன்மொழிவு 2024-இல் வந்தபோது, 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். எந்தப் பட்டியலில் இருந்தாலும் அது கட்டுப்பாட்டுப் பொருள்தான். பட்டியல் மாறுவதால் மட்டும் கேளிக்கைக்கு வாங்கும் உரிமை வந்துவிடாது. மாநிலம் சொல்வது 'நான் பிடிக்க மாட்டேன்' என்பது மட்டும்தான். குடியிருப்பவர் சம்மதித்து, வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்காத கதை.

குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்த முரண்பாடு பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிடும். விசாவிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்களுக்கு அப்படியில்லை, ஏனென்றால் குடியேற்றச் சட்டம் முழுக்க மத்திய அரசின் கையில் இருக்கிறது. இங்கே கைதும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். விமான நிலையத்தில் அதிகாரி கேட்கும்போது, 'ஆமாம், வாங்கிப் பயன்படுத்தினேன், எங்கள் மாநிலத்தில் சரிதானே' என்று விவரமாக ஒப்புக்கொள்வதே நுழைவு மறுக்கப்படக் காரணமாகலாம். கைப்பேசியைத் திறந்து பார்க்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. விசா விண்ணப்பப் படிவத்திலேயே, கட்டுப்பாட்டுப் பொருள்கள் தொடர்பான சட்டத்தை எப்போதாவது மீறியிருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். அதற்குப் பொய் சொல்லித் தப்பிக்கலாம் என்பது அடுத்த தவறு. பொய் சொல்லி விசா பெறுவது தனியாகவே நிரந்தரத் தடைக்கு இழுத்துச் செல்லும். ஏற்கெனவே பயன்படுத்தியவர்கள் அடுத்த பயணத்துக்கோ விண்ணப்பத்துக்கோ முன்னால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுவது நல்லது. நண்பர் குழுவில் கேட்டு முடிவெடுக்கும் விஷயமல்ல இது.

கடையில் வேலைக்குச் சேர்வதும் இதே கணக்கில்தான் வருகிறது. உரிமம் பெற்ற கஞ்சாத் தொழிலில் வேலை பார்த்ததுகூட, குடியுரிமைக்கு வேண்டிய 'நன்னடத்தை' நிபந்தனையைக் கெடுக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு சமாதானம் உண்டு: '30 கிராமுக்குள் என்றால் ஒன்றும் செய்ய மாட்டார்கள்.' பாதி உண்மை. சொந்தப் பயனுக்கு 30 கிராம் வரை வைத்திருந்த ஒரே ஒரு குற்றம் என்றால், அதற்காக நாடு கடத்துவதிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆனால் அது உள்ளே இருப்பவரை வெளியே அனுப்பும் பிரிவு. ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகிறவரை உள்ளே விடலாமா என்பது வேறு பிரிவு. அங்கே இந்த விலக்கு அப்படியே செல்லாது. தங்கை கல்யாணத்துக்காகப் போகும்போது யாரும் இதை யோசிப்பதில்லை. 2022 அக்டோபரில் அதிபர் பைடன் கொடுத்த பொதுமன்னிப்பை நம்புகிறவர்களுக்கும் ஒரு சொல்: அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். எச்-1பி, எஃப்-1 விசாவினருக்கு அதில் இடமில்லை.

இனி, மாநிலங்கள். ஒரு மாநிலத்தின் அளவை மனப்பாடம் செய்துவிட்டு அதையே நாடு முழுவதற்கும் பொருத்துவது மிகப் பரவலான தவறு. எங்கள் பக்கத்திலிருந்து 95-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். நியூஜெர்சியில் 6 அவுன்ஸ் வரை வைத்திருக்கலாம் (ஓர் அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று மேல்). டெலவேரில் 1 அவுன்ஸ். மேரிலாந்தில் ஒன்றரை. வாஷிங்டன் நகரத்தில் 2 அவுன்ஸ், ஆனால் விற்பது குற்றம். வர்ஜீனியாவில் வெளியிடத்தில் 1 அவுன்ஸ். 2021 ஜூலையிலிருந்தே வைத்திருக்கலாம், வீட்டில் 4 செடி வளர்க்கலாம், ஆனால் கடை திறக்கும் மசோதாவை அப்போதைய ஆளுநர் 2024-இலும் 2025-இலும் நிராகரித்தார். அடுத்து வட கரோலினா. அங்கே கேளிக்கைக் கஞ்சாவுக்கு அனுமதியே கிடையாது. ஒரே நாளில் ஆறு சட்டங்கள். இதில் எந்த எல்லையைத் தாண்டிக் கஞ்சா கொண்டுபோனாலும், இரண்டு பக்கமும் அனுமதி இருந்தாலும்கூட, அது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம்.

மேற்கே போனால் இன்னும் பக்கம். டெலவேர் ஆற்றின் ஒரு பாலத்தைத் தாண்டினால் பென்சில்வேனியா. அங்கே மருத்துவப் பயன்பாட்டுக்கு மட்டும்தான் அனுமதி. 30 கிராமுக்குள் பிடிபட்டாலே மாநிலச் சட்டப்படி 30 நாள் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம்.

அளவைச் சொல்லும்போது கஞ்சாப் பூவுக்கும், அதிலிருந்து எடுக்கும் அடர்த்தியான சாறுக்கும் வேறுபாடு பார்க்க மறந்துவிடுகிறோம். கலிஃபோர்னியாவில் பூ 28.5 கிராம், சாறு 8 கிராம் மட்டும். இலினாய் மாநிலத்தில் உள்ளூர்க்காரருக்குப் பூ 30 கிராம், வெளியூர்க்காரருக்கு அதில் பாதி. டெக்சாஸ்தான் உச்சம். அங்கே 2 அவுன்ஸ் வரை பூ வைத்திருப்பது சிறு குற்றம். கஞ்சாச் சாறு அடைத்த வேப் (மின் சிகரெட்) குப்பியோ, சாறு கலந்த 'கம்மி' (gummy) எனும் மெல்லும் மிட்டாயோ எவ்வளவு சிறிதானாலும் பெருங்குற்றம். மிட்டாயை எடை போடும்போது உள்ளே இருக்கும் சர்க்கரையும் சேர்த்தே போடுவார்கள். பார்ப்பதற்கு மிட்டாய் சாதுவாகத் தெரிவதுதான் வினை.

செடி வளர்ப்பதிலும் இதே குழப்பம். நியூயார்க்கில் வீட்டில் வளர்க்கலாம். ஆற்றுக்கு இந்தப் பக்கம், அதைவிட இரு மடங்கு கையில் வைத்திருக்க விடும் நியூஜெர்சியில், ஒரு செடி வைத்தாலும் குற்றம். துளசி மாடத்துக்குப் பக்கத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவது சரி என்றால் எங்கு வேண்டுமானாலும் புகைக்கலாம் என்று பொருளில்லை. நியூயார்க்கில் சிகரெட் பிடிக்கும் இடத்தில் பெரும்பாலும் பிடிக்கலாம். கலிஃபோர்னியாவில் பொது இடத்தில் கூடாது. லாஸ் வேகஸ் தெருவில் புகைத்தால் 600 டாலர் வரை அபராதம். ஓட்டல் அறையிலும் பெரும்பாலும் விடமாட்டார்கள், வாடகை வீட்டுக்காரரும் தடுக்கலாம். ஆக, வாங்கிய சுற்றுலாப் பயணிக்கு அதைப் பயன்படுத்த இடமே இல்லாமல் போவது இந்தச் சட்டங்களின் வேடிக்கை. தேசியப் பூங்காக்கள் மத்திய அரசின் நிலம் என்பதையும் மறக்கக்கூடாது. யோசெமிட்டி கலிஃபோர்னியாவுக்குள் இருக்கிறது, ஆனால் அங்கே செல்வது மத்திய அரசின் சட்டம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, குறைந்தது 1,000 டாலர் அபராதம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

கார் ஓட்டுவதைப் பற்றி நீட்டத் தேவையில்லை. போதையில் ஓட்டுவது எல்லா மாநிலங்களிலும் குற்றம். கலிஃபோர்னியாவில் முத்திரை பிரித்த பொட்டலம் இருக்கைப் பக்கம் இருந்தாலே அபராதம். டிக்கியில் வைக்க வேண்டும்.

வேலையிடம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா ஆகியவற்றில் பணி நேரத்துக்கு வெளியே பயன்படுத்துபவருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. கேளிக்கைக் கடைகளை முதலில் திறந்த கொலராடோவில், மருத்துவக் காரணத்துக்காக வீட்டில் பயன்படுத்திய ஊழியரை வேலையிலிருந்து நீக்கியது செல்லும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றமே 2015-இல் தீர்ப்பளித்தது. 'சட்டப்படியானது' என்றால் மத்திய அரசுச் சட்டப்படியும் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மொத்தக் குழப்பத்தையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறு வரியை நான் பார்த்ததில்லை.

டொரொன்டோவில் உறவினர் இருப்பவர்களுக்கு: கனடா முழுவதும் 2018 அக்டோபர் 17 முதல் அனுமதி இருக்கிறது, ஆனால் எல்லையைத் தாண்டி எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் குற்றம். சென்னைக்கு எடுத்துப்போகும் பெட்டியில் ஒரு மிட்டாய் டப்பா தவறிக் கிடந்தால், காத்திருப்பது 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அமெரிக்கக் கடை ரசீதை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

அக்கா மகன் அன்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா வந்தான். மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு போன் செய்தான். மறுநாள் காலை நான்கு பேராக வட கரோலினாவின் ஷார்லட் நகரத்துக்குக் கிளம்புகிறார்களாம், நண்பனின் காரில். "முன்பெட்டியைத் திறந்து பார்த்தேன், மாமா," என்றான். பழைய பார்க்கிங் ரசீதுகள், ஒரு சார்ஜர், பாதி காலியான கம்மி மிட்டாய் டப்பா. நண்பனுக்கு அது அங்கே இருந்ததே நினைவில்லையாம்.