மேக் வாங்குமுன் டேலியைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கடைக் கணக்கு எழுதுகிறவர்கள் மேக்புக் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்கானது, அதனால் மேக்கில் விண்டோஸும் போடவேண்டும்.

இன்டெல் சிப் உள்ள பழைய மேக் என்றால் ஆப்பிளின் பூட் கேம்ப் வசதி மூலம் விண்டோஸ் 10-ஐ நேராகவே போடலாம். 2020 கடைசியில் வந்த ஆப்பிளின் சொந்த சிப்பான எம்1 முதல் அந்த வசதி கிடையாது. மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் மென்பொருளான பேரலல்ஸ் அல்லது விஎம்வேர் ஃபியூஷனுக்குள், இந்தச் சிப்புக்கான ஆர்ம் வகை விண்டோஸ் 11 போடவேண்டும். பேரலல்ஸுக்குக் காசு, ஃபியூஷன் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். விண்டோஸ் லைசென்ஸ் தனி.

மென்பொருள்கள் பெரும்பாலும் ஓடிவிடும். சிக்கல் டிரைவரில்தான், அதாவது கருவியை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருளில். ஜிஎஸ்டிக்குக் கையெழுத்துப் போடும் யுஎஸ்பி டோக்கன், பழைய பில் பிரிண்டர் இவற்றுக்கு ஆர்ம் விண்டோஸ் டிரைவர் உண்டா என்று அவற்றை விற்றவரிடம் கேட்டுவிட்டே மேக்குக்குப் பணம் கட்டுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், ரிட்டர்ன் கடைசி நாளில் கை பிசைய நேரும். ரேம் 16 ஜிபி எடுங்கள். 8 என்றால் இரண்டு சிஸ்டமும் திணறும்.

அப்புறம், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த ஹார்ட் டிஸ்க்கை மேக் படிக்கும், அதில் எழுதாது. பேக்கப் எடுத்துக்கொண்டு, மேக், விண்டோஸ் இரண்டும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யுங்கள். தமிழில் தட்டச்ச எதையும் தேடி இறக்க வேண்டாம். தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டும் மேக்கிலேயே இருக்கின்றன.