குழந்தைக்கு வெள்ளிக் கோளைக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கே பளிச்சென்று நின்ற புள்ளியைக் காட்டி, "அதுதான் வெள்ளி" என்றேன். பக்கத்து வீட்டு ஏழு வயதுப் பெண் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது இல்ல மாமா. வெள்ளி ஆரஞ்சா இருக்கும்" என்றாள். அவள் பார்த்த சார்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. தன் கண்ணைவிடச் சார்ட்டை நம்பினாள். நாம் செய்யும் முதல் தவறு இதுதான்: வானத்தைக் காட்டுவதற்கு முன்பே படத்தைக் காட்டிவிடுகிறோம்.

அந்த ஆரஞ்சு உருண்டை, 1990 முதல் 1994 வரை வெள்ளியைச் சுற்றிய மெகல்லன் விண்கலம் ரேடாரால் எடுத்த தரை வரைபடம். ரேடாருக்கு நிறம் தெரியாது. சோவியத் ஒன்றியத்தின் வெனேரா கலங்கள் தரையிறங்கி எடுத்த படங்களின் சாயலைப் பார்த்துக் கணினியில் நிறம் ஏற்றினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளி வெளிர்மஞ்சள் கலந்த வெண்மை. எப்போதும் மேகம் மூடியிருப்பதால் தரையே தெரியாது. முதலில் மாடிக்குக் கூட்டிப்போங்கள், படம் அப்புறம்.

சார்ட்டில் இன்னொரு சிக்கல், கோள்கள் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதுபோல் சம இடைவெளியில் வரிசையாக இருப்பது. இரண்டு கோலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 1,000 கி.மீ. என்று வைத்தால் பூமி 13 மி.மீ., வெள்ளி 12 மி.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒரே கோலிதான். இந்த அளவில் நிலா பூமியிலிருந்து 38 செ.மீ. தள்ளி இருக்கும். வெள்ளியோ மிக நெருங்கி வரும்போதுகூட 40 மீட்டர் தள்ளி. அந்தக் கோலியை எடுத்துக்கொண்டு குழந்தையையே தெருவில் நடக்கவிடுங்கள். "பக்கத்துக் கோள்" என்றால் என்னவென்று கால் சொல்லிக்கொடுக்கும்.

"ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் பார்க்கலாம்" என்று சொல்லி ஏமாற்றிவிடாதீர்கள். வெள்ளி நமக்கு உட்பக்கமாகச் சூரியனைச் சுற்றுகிறது. அதனால் நம் வானத்தில் சூரியனைவிட்டு 48 டிகிரிக்கு மேல் விலகவே விலகாது. சூரியன் மறைந்தபின் மேற்கே சில மணி நேரம், அல்லது விடியுமுன் கிழக்கே சில மணி நேரம், அவ்வளவுதான். நள்ளிரவில் நம் ஊரில் வெள்ளி கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் தளர வேண்டாம். சூரியன் முழுக்க மறைந்த பிறகே குழந்தை கையில் பைனாகுலரைக் கொடுங்கள். அதிகாலையில் என்றால், சூரியன் எழுவதற்கு நல்ல நேரம் முன்னாலேயே பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வெள்ளியைத் தேடும்போது பைனாகுலர் வழியே சூரியன் ஒரு கணம் பட்டாலும் கண் போய்விடும்.

"விடிவெள்ளி நட்சத்திரம்னு பாட்டி சொன்னது தப்பு" என்று தொடங்குவதும் எனக்கு உடன்பாடில்லை. அது நட்சத்திரம் அல்ல, கோள். உண்மைதான். ஆனால் அந்தப் பெயரிலேயே அது எப்போது தெரியும் என்ற கணிப்பு இருக்கிறது. அதைப் பார்த்து நேரம் குறித்து எழுந்து வயலுக்குப் போனவர்கள் கூர்ந்து கவனித்தவர்கள். பாட்டியையும் மாடிக்குக் கூட்டிவந்து, அவர் எந்தத் திசையில் பார்த்தார் என்று பேத்தியைக் கேட்கச் சொல்லுங்கள்.

மிகப் பரவலான தவறு வெப்பத்தைப் பற்றியது. "சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூடு" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அப்படியென்றால் இன்னும் பக்கத்தில் இருக்கும் புதன் அல்லவா அதிகம் சுட வேண்டும்? புதனில் பகலில் சுமார் 430 டிகிரி செல்சியஸ். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 180. வெள்ளியில் பகலோ இரவோ, ஏறக்குறைய 465 டிகிரி. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். இதைச் சொன்னதும் அந்தப் பெண் கேட்டாள்: "மேகம் வந்தா வெயில் குறையுமே மாமா?" சரியான கேள்வி. வெள்ளியின் மேகங்கள் தம்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆனால் இரவை யோசித்துப் பாருங்கள். மார்கழியில் வானம் துடைத்துவைத்தாற்போல் இருக்கும் இரவில்தான் பனி கொட்டும். மேகம் கவிந்த இரவில் புழுங்கும். தரையின் சூடு மேலே போக வழியில்லை. வெள்ளியில் மேகத்தோடு காற்றும் சேர்ந்து சூட்டைப் பிடித்துவைக்கிறது. அந்தக் காற்றில் 96 சதவீதத்துக்கு மேல் கரியமில வாயு. அழுத்தம் நம் காற்றைப்போல் 90 மடங்குக்கு மேல். புதனுக்குப் போர்த்திக்கொள்ளக் காற்றே இல்லை. குழந்தைக்கு இந்த ஒன்று புரிந்தால் போதும்.

"அங்கே தரையில் அமில மழை கொட்டும்" என்று பயமுறுத்த வேண்டாம். மேகங்கள் கந்தக அமிலத் துளிகள்தாம். ஆனால் அந்தத் தூறல் பாதி வழியிலேயே சூட்டில் ஆவியாகிவிடும், தரையைத் தொடாது.

அடுத்தது, "வெள்ளியில் ஒரு நாள் ஒரு வருடத்தைவிட நீளம்." வினாடி வினாக்களில் தவறாமல் வரும் வரி. எந்த நாள் என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு. வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாட்கள், சூரியனைச் சுற்ற 225 நாட்கள். ஆனால் அங்கே நின்று பார்த்தால் ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 117 நாட்கள்தான்! காரணம், அது எதிர்ப்பக்கமாகச் சுழல்கிறது. நடித்துக் காட்டுங்கள். ஒரு பிள்ளை நடுவில் சூரியனாக நிற்கட்டும். இன்னொரு பிள்ளை, சூரியன் தன் இடக்கைப் பக்கம் இருக்குமாறு சுற்றி நடக்கத் தொடங்கட்டும். ஒரு வட்டம் முடிவதற்குள், உடம்பை மெல்ல வலப்பக்கமாக ஒரே ஒரு முழுச்சுற்றுத் திருப்ப வேண்டும். பக்கவாட்டிலும் பின்னாலும் அடி வைக்க வேண்டிவரும், சிரிப்பாகவும் இருக்கும். வட்டம் முடிவதற்குள் சூரியப் பிள்ளையை நேருக்கு நேர் எத்தனை முறை பார்த்தாய் என்று கேளுங்கள். இரண்டு முறை. ஒரு வெள்ளி வருடத்தில் ஏறக்குறைய இரண்டு நண்பகல்.

விண்கலங்களை ஆண்டுப் பட்டியலாக ஒப்பிக்கவைக்காதீர்கள். ஒன்றை மட்டும் சொல்லுங்கள். 1982 மார்ச் 1 அன்று இறங்கிய வெனேரா 13, அரை மணி நேரம் தாங்கினால் போதும் என்று செய்யப்பட்டது. 127 நிமிடம் தாங்கி வண்ணப் படங்கள் அனுப்பியது. இஸ்ரோவின் வெள்ளிச் சுற்றுகலனுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2028 மார்ச்சில் ஏவுவதாகத் திட்டம். இன்று ஏழு வயதாக இருக்கும் குழந்தைக்கு அது தன் காலத்துச் செய்தி.

கடைசியாக, ஒரு மாலையோடு நிறுத்திவிடாதீர்கள். வெள்ளி மாலை வானத்தில் இருக்கும் மாதங்களில், சனிக்கிழமைதோறும் அதே நேரம், மாடியில் அதே இடத்தில் குழந்தை நிற்கட்டும். தண்ணீர்த் தொட்டிக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று நோட்டில் வரைந்துவைக்கட்டும். பூமியை நெருங்கி வரும் வாரங்களில், கை ஆடாமல் பிடித்தால் பைனாகுலரிலேயே வெள்ளி சின்னஞ்சிறு பிறையாகத் தெரியும். 1610-இல் கலிலியோ தொலைநோக்கியில் பார்க்கத் தொடங்கிய அதே வளர்பிறை தேய்பிறைதான். அப்புறம் வாரத்துக்கு வாரம் கீழே இறங்கி, ஒரு சனிக்கிழமை காணாமல் போகும். எங்கே போயிற்று என்று அப்போது சொல்லிவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து ஐந்து மணிக்கு எழுப்பி, கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்துங்கள்.