மோட்டார் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க: மிக்ஸி, ஃபேன், கிரைண்டர், இன்னும் சிலது

வீட்டுல ஒரு சாமான் நின்னு போச்சுன்னா உடனே "மோட்டார் போச்சு, புதுசு வாங்கிடலாம்"னு பேச்சு வந்துடுது, ஆனா நிறைய தடவை மோட்டார் நல்லாத்தான் இருக்கும், அதுகூட சேர்ந்து வேலை செய்யற கண்டன்சர் (மோட்டார் ஸ்டார்ட் ஆக பலம் குடுக்கற பார்ட், கெப்பாசிட்டர்னும் சொல்வாங்க), கப்ளர், பெல்ட், கார்பன் பிரஷ் மாதிரி ஏதோ ஒரு சின்ன பார்ட் போயிருக்கும். அது எதுன்னு கண்டுபிடிக்க முதல்ல காதைக் குடுத்து கேளுங்க. சுத்தமா சத்தமே இல்லையா, அப்போ கரண்ட் உள்ள போகல. உம்முனு உறுமுது ஆனா சுத்தல, அப்போ கரண்ட் போகுது, ஸ்டார்ட் ஆக பலம் இல்ல, இல்லன்னா எதோ இறுகிப் புடிச்சிருக்கு. மோட்டார் ஜோரா ஓடுது ஆனா அரைக்கல, துவைக்கல, அப்போ மோட்டாருக்கும் வேலைக்கும் நடுவுல இருக்கற பார்ட் போச்சு. இந்த மூணுல எதுன்னு தெரிஞ்சிடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

கை வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணா போதும்னு நினைக்காதீங்க, பழைய வீட்டு வயரிங்ல சில இடத்துல ஸ்விட்ச்சை கரண்ட் வர்ற ஃபேஸ் வயர்ல போடாம, திரும்பிப் போற நியூட்ரல் வயர்ல போட்டு வச்சிருப்பாங்க, அப்போ ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தாலும் சாமானுக்குள்ள கரண்ட் இருக்கும். அதனால பிளக்கை புடுங்கி கண்ணு முன்னாடி வச்சுக்கணும், ஃபேன் மாதிரி பிளக் இல்லாததுக்கு மெயின் போர்டுல இருக்கற எம்சிபி ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணிட்டு வேற யாரும் போய் போட்டுடாம வீட்டுல சொல்லி வைக்கணும். ஈரக்கை வேண்டாம், செருப்பு போட்டுக்கோங்க. வீட்டுல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற ஸ்விட்ச், இல்லன்னா மத்த எதையும் விட முதல்ல அதை மாட்டச் சொல்லுங்க, இருந்தா அதுல இருக்கற டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அழுத்திப் பாருங்க, டக்குனு விழணும்.

சத்தமே இல்லாத கேஸ்ல முதல்ல பாக்க வேண்டியது சாமானை இல்ல, பிளக் பாயிண்ட்டை. நல்லா ஓடற வேற எதையாவது அதே பாயிண்ட்ல சொருகிப் பாருங்க. டெஸ்டர்ல லைட் எரியுதேன்னு கரண்ட் இருக்குன்னு முடிவு பண்ணிடக் கூடாது, டெஸ்டர் ஃபேஸை மட்டும்தான் காட்டும், நியூட்ரல் கட் ஆகியிருந்தாலும் அது எரியும், சாமான் மட்டும் ஓடாது. பாயிண்ட் நல்லா இருந்தா பிளக் டாப்பை கழட்டிப் பாருங்க, உள்ள ஸ்க்ரூ லூசாகி வயர் கருகி இருக்கறது ரொம்ப சகஜம், கருகின நுனியை வெட்டிட்டு புதுசா சீவி முறுக்கி இறுக்கினா சரியாகிடும். பின்னு கறுத்துப் போயிருந்தா பிளக்கையே மாத்திடுங்க, அதை சொருகியிருந்த சாக்கெட்டும் லூசாதான் இருக்கும், அதையும் பாக்கணும்.

இப்போ மிக்ஸிக்கு வருவோம், நம்ம வீட்டுல அதிகமா அடி வாங்கறது அதுதான். ஓடிக்கிட்டே இருந்தது பட்டுனு நின்னுடுச்சு, சத்தமே இல்லன்னா பயப்பட வேண்டாம், பிளக்கை புடுங்கிட்டு மிக்ஸியை கவுத்துப் பாருங்க, அடியில சின்னதா சிவப்பு பட்டன் இருக்கும், அதுதான் ஓவர்லோடு ஸ்விட்ச். பத்து நிமிஷம் ஆற விட்டு, ஜார்ல இருக்கறதை பாதியா குறைச்சு, கொஞ்சம் தண்ணி விட்டு, அப்புறம் அந்த பட்டனை அழுத்திட்டு ஓட்டுங்க. சூடா இருக்கும்போதே அழுத்தி அழுத்தி ஓட்டினா மோட்டார் உள்ள சுத்தியிருக்கற கம்பி, அதாவது காயில், நிஜமாவே கருகும். நிறைய மிக்ஸில அடியிலயே எழுதியிருப்பாங்க, 5 நிமிஷம் ஓட்டினா 2 நிமிஷம் நிறுத்தணும்னு, கெட்டித் தேங்காய் சட்னியோ இட்லிப் பொடியோ அரைக்கும்போது அதை கட்டாயம் பாத்துக்கணும். வெறும் ஜார்ல கூட அடிக்கடி அந்த பட்டன் விழுதுன்னா விஷயம் வேற, ஜாரை எடுத்துட்டு உள்ள பிளேடை ஒரு கரண்டிக் காம்பால தள்ளிப் பாருங்க, லேசா சுத்தணும், இறுக்கமா இருந்தா ஜாருக்குள்ள பிளேடு தண்டைத் தாங்கற புஷ்தான் மோட்டாரை இழுத்துப் புடிக்குது.

மோட்டார் ஓடற சத்தம் கேக்குது, கடகடன்னு வேற கேக்குது, பிளேடு சுத்தல, இது கப்ளர் தேஞ்சு போனது. மிக்ஸி மேல ஜார் உக்கார்ற இடத்துல பல்லு பல்லா இருக்கே அதுதான், எலக்ட்ரிகல் கடையில சல்லிசா கிடைக்கும். கழட்டறதுலதான் நிறைய பேர் தடுமாறுவாங்க, வழக்கமா கழட்டற பக்கமே திருப்பி திருப்பி இன்னும் இறுக்கிடுவாங்க. ஓடும்போது தானா கழண்டுடாம இருக்க மரையை அதுக்கேத்த மாதிரி வெட்டியிருப்பாங்க, அதனால மோட்டார் எந்தப் பக்கம் சுத்துதோ அதே பக்கம் கப்ளரை திருப்பினாதான் கழலும். அடியில மூடியைத் திறந்து தண்டு சுத்தாம புடிச்சுக்கிட்டு திருப்பணும். ஜாருக்கு அடியில இருக்கற கப்ளரையும் சேத்து மாத்திடுங்க, ஒண்ணு தேஞ்சு ஒண்ணு புதுசா இருந்தா புதுசும் சீக்கிரம் தேயும்.

ஜாருக்கு அடியில கறுப்பா தண்ணி மாதிரி கசிஞ்சா வாஷரும் புஷ்ஷும் போச்சுன்னு அர்த்தம், அந்த கறுப்பு மேல இருக்கற சட்னியிலயும் கலக்கும், அந்த ஜாரை அன்னிக்கே தனியா எடுத்து வச்சிடுங்க, கடையில குடுத்தா புஷ் மாத்தித் தருவாங்க, இதை வீட்டுல பண்ண முயற்சி பண்ண வேண்டாம், நேரா அடிக்கலன்னா பிளேடு ஆடும். ஓடும்போது அடியில நீலமா பொறி பறக்குது, விட்டு விட்டு ஓடுதுன்னா கார்பன் பிரஷ். மோட்டாருக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு இருக்கும், ஸ்பிரிங் வச்சு தள்ளிக்கிட்டு இருக்கும், ரொம்ப குட்டையாகி இருந்தா ரெண்டையும் ஒண்ணா மாத்தணும், அங்க படிஞ்சிருக்கற கறுப்புப் பொடியை காஞ்ச பிரஷ்ஷால தட்டி விடணும். புது பிரஷ் போட்டதும் கொஞ்ச நேரம் பொறி வரும், வெறும் மிக்ஸியா ரெண்டு மூணு நிமிஷம் ஓட்டினா உக்காந்துடும். பல்ஸ்ல வச்சா ஓடுது ஆனா 1, 2, 3ல ஓடலன்னா மோட்டார் நல்லா இருக்கு, திருகற ஸ்விட்ச்சுதான் போச்சு.

அடுத்தது சீலிங் ஃபேன். காத்தே வரல, 5ல வச்சாலும் ஆமை மாதிரி சுத்துதுன்னா பத்துக்கு எட்டு கண்டன்சராத்தான் இருக்கும்னு நான் சொல்வேன், கம்பெனி ஃபேன்னாலும் வருஷம் ஆக ஆக அதோட அளவு குறையும், 2.5 மைக்ரோஃபாரட்னு எழுதியிருக்கறது அளந்து பாத்தா 1.8, 1.5னு காட்டும். உறுமிக்கிட்டு நிக்குதுன்னா ஒரு டெஸ்ட் இருக்கு, காஞ்ச கம்பால றெக்கையை லேசா தள்ளி விடுங்க, கையால வேண்டாம், எந்தப் பக்கம் தள்றீங்களோ அந்தப் பக்கமே சுத்த ஆரம்பிச்சா கண்டன்சர் போச்சுன்னு கண்ண மூடிட்டு சொல்லிடலாம். தள்ளினாலும் சுத்தாம கனமா இருந்தா தண்டு லேசா சுத்த வைக்கற பேரிங் இறுகியிருக்கு. கண்டன்சர் நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும், ஃபேன் தண்டுக்கு மேலயோ கீழயோ இருக்கற கப்புக்குள்ள இருக்கும், எம்சிபி ஆஃப் பண்ணி, ஸ்டூல்ல ஏறும்போது கீழ ஒருத்தர் புடிச்சுக்க, கப்பை இறக்கி முதல்ல போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, ஏன்னா வயர் இடம் மாறி கண்டன்சரை வேற ரெண்டு வயர்ல குடுத்துட்டா ஃபேன் தலைகீழா சுத்தி காத்தை மேல தள்ளும். பழசுல தங்கியிருக்கற கரண்ட் போக, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால அதோட ரெண்டு வயர் நுனியையும் ஒண்ணா தொட வச்சிட்டு அப்புறம் கை வைங்க. பழசுல என்ன நம்பரோ அதே நம்பர், 440 வோல்ட்டுன்னு போட்டது வாங்கணும், வேகம் வரட்டும்னு 2.5க்கு பதிலா 3.15 போடறவங்க இருக்காங்க, காத்து கூடத்தான் வரும், ஆனா காயில் சூடாகும், போட வேண்டாம்.

ரெகுலேட்டரா ஃபேனான்னு சந்தேகம் வந்தா 5ல வச்சுப் பாருங்க. இப்போ வர்ற சுவிட்ச் போர்டு ரெகுலேட்டர்ல 5ங்கறது பெரும்பாலும் நேரடி கரண்ட், அதுலயும் மெதுவா ஓடினா ரெகுலேட்டர் மேல பழி இல்ல. 5ல மட்டும் ஓடி 1, 2, 3ல ஓடலன்னா ரெகுலேட்டரை மாத்துங்க. பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் கம்மியா இழுக்கற, ரிமோட்ல ஓடற புது வகை) வச்சிருக்கறவங்களுக்கு இந்த கண்டன்சர், ரெகுலேட்டர் விஷயம் எதுவும் பொருந்தாது, அதுல எலக்ட்ரானிக் போர்டு இருக்கு, ரிமோட் வேலை செய்யலன்னா பேட்டரியை மாத்தி மெயினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க, அதுக்கு மேல கம்பெனி ஆள்தான்.

ஃபேன் ஆடுதுன்னா முதல்ல றெக்கையில இருக்கற தூசியை துடைங்க, சமமா படியாத தூசியே ஆட்ட வைக்கும். அப்புறம் றெக்கை ஸ்க்ரூ, அப்புறம் ஒரு குச்சியை சீலிங்ல இருந்து றெக்கை நுனிக்கு வச்சு ஒவ்வொரு றெக்கையும் ஒரே உயரமான்னு பாருங்க, ஒண்ணு தாழ்ந்திருந்தா அது வளைஞ்சிருக்கு. மேல ஏறின கையோட தண்டு மாட்டியிருக்கற போல்ட்டையும் அதுல சொருகியிருக்கற ஸ்ப்ளிட் பின்னையும் கட்டாயம் பாத்துடுங்க, அந்த பின் இல்லன்னா ஆட்டத்துல நட்டு கழண்டு ஃபேன் கீழ வந்துடும். தூங்கற இடத்துக்கு மேல தொங்கற சாமான், இதுல அசட்டையா இருக்காதீங்க.

கிரைண்டர்ல சத்தம் வருது கல்லு சுத்தலன்னா பிளக்கை புடுங்கிட்டு பாத்திரத்தை கையால சுத்திப் பாருங்க. நேத்து மாவு காஞ்சு கல்லு ஒட்டிக்கிட்டிருந்தா சுடுதண்ணி ஊத்தி ஊற விட்டா போதும். பாத்திரம் ஃப்ரீயா சுத்துதுன்னா அடி மூடியைத் திறந்து பெல்ட்டை பாருங்க, அறுந்திருக்கும், இல்ல தளர்ந்து வழுக்கும், நடுத்தண்டு சீல் போய் மாவுத்தண்ணி கீழ இறங்கி பெல்ட்டை நனைச்சிருந்தாலும் வழுக்கும், அப்போ பெல்ட் மட்டும் மாத்தினா திரும்ப அதேதான் நடக்கும், சீலையும் மாத்தணும். பெல்ட் நல்லா இருந்து வெறும் உறுமல்தான்னா பெல்ட்டை கழட்டிட்டு மோட்டார் புல்லியை கையால திருப்புங்க, இறுக்கமா இருந்தா பேரிங், லேசா சுத்தினா கண்டன்சர். சாயங்காலம் கரண்ட் கம்மியா வர்ற ஊர்ல கண்டன்சர் நல்லா இருந்தாலும் ஸ்டார்ட் ஆகாது, அதனால உளுந்தை போட்டுட்டு ஆன் பண்ணாம, கொஞ்சம் தண்ணியோட வெறும் கல்லா ஓட விட்டுட்டு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா போடறதுதான் நல்லது.

சூடு பண்ற சாமான், அதாவது அயர்ன் பாக்ஸ், கெட்டில், கீசர், இதுக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் (வோல்ட், ஓம்ஸ் எல்லாம் அளக்கற மீட்டர்) இருந்தா உள்ள சூடாகற எலிமென்ட் உயிரோட இருக்கான்னு கணக்கு போட்டே சொல்லிடலாம். 230ஐ 230ஆல பெருக்கி வாட்ஸால வகுங்க, வர்றதுதான் மீட்டர்ல காட்ட வேண்டிய ஓம்ஸ். 750 வாட்ஸ் அயர்ன் பாக்ஸுக்கு 70 சுமார், 1500 வாட்ஸ் கெட்டிலுக்கு 35, 2000 வாட்ஸ் கீசருக்கு 26. பிளக்கை புடுங்கி, சாமானோட ஸ்விட்ச்சை ஆன்ல, தெர்மோஸ்டாட்டை முழுசா வச்சு, பிளக்கோட ரெண்டு சின்ன பின்னுல அளக்கணும், ஆறின நிலையில அளந்தா கொஞ்சம் கம்மியா காட்டும், அது பரவாயில்ல. ஒண்ணுமே காட்டலன்னா எலிமென்ட், தெர்மோஸ்டாட், சூடு மீறினா கரண்டை நிறுத்தற கட் அவுட், இல்ல வயர், இதுல ஒண்ணு கட். அயர்ன் பாக்ஸ்ல அடிக்கடி வயர்தான் போகும், கைப்பிடியில நுழையற இடத்துல மடங்கி மடங்கி உள்ள அறுந்திருக்கும். அப்புறம் ஒரு சின்ன பின்னுக்கும் பெரிய எர்த் பின்னுக்கும் நடுவுல அளங்க, எதுவும் காட்டக் கூடாது. ஏதாவது காட்டினா பாடில கரண்ட் கசியுது, அதை திரும்ப சொருகவே கூடாது, கீசரா இருந்தா அந்த பாத்ரூம்ல குளிக்கவே வேண்டாம்.

ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் சுருக்கமா. ஃப்ரிட்ஜ்ல காய்கறி ட்ரேக்கு அடியில தண்ணி தேங்கினா பின்சுவத்துல இருக்கற ஓட்டை அடைச்சிருக்கு, ஊசி இல்லாத சிரிஞ்ச்ல வெதுவெதுப்பான தண்ணி அடிங்க. மேல ஐஸ் நல்லா இருக்கு, கீழ மட்டும் கூலிங் இல்லன்னா ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்ல உள்ள ஐஸ் கட்டி காத்து வழியை அடைச்சிருக்கும், ஒரு நாள் ஆஃப் பண்ணி கதவைத் திறந்து வச்சா சரியாகும், பத்து நாள்ல திரும்ப வந்தா ஐஸ் உருக்கற ஹீட்டர், சென்சார் பக்கம் கோளாறு, மெக்கானிக்கை கூப்பிடுங்க. கத்தியால ஐஸை குத்தாதீங்க, உள்ள இருக்கற குழாய் ஓட்டையாகி கூலிங் கேஸ் வெளிய வந்துடும், இப்போ வர்ற நிறைய ஃப்ரிட்ஜ்ல அது ஆர்600ஏ கேஸ், தீப்புடிக்கும். வாஷிங் மெஷின்ல தண்ணி மெதுவா வந்தா குழாய் ஓஸ் மாட்டற இடத்துல சின்ன வலை இருக்கும், போர் தண்ணி உப்பும் மண்ணும் அதுலதான் அடைக்கும், எடுத்து வினிகர்ல ஊற வச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேச்சா போகும். தண்ணி வெளிய போகலன்னா ஃப்ரண்ட் லோடுல கீழ மூலையில இருக்கற ஃபில்டரைத் திறங்க, காசும் ஹேர்பின்னும் கிடைக்கும், திறக்கறதுக்கு முன்னாடி கீழ ஒரு தட்டு வச்சுக்கோங்க.

மைக்ரோவேவ் மட்டும் வீட்டுல திறக்கவே கூடாது, பிளக்கை புடுங்கின அப்புறமும் உள்ள கண்டன்சர்ல உயிரைப் பறிக்கற அளவு வோல்டேஜ் நிக்கும். ஏசி, ஃப்ரிட்ஜ் கேஸ் வேலை, இன்வெர்ட்டர், இதுவும் தெரிஞ்சவங்ககிட்டதான்.

பார்ட் வாங்க கடைக்குப் போகும்போது பழசை கையோட எடுத்துட்டுப் போங்க, சாமான் அடியில ஒட்டியிருக்கற மாடல் நம்பர் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கோங்க, பெல்ட்டும் கப்ளரும் பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் அளவு கொஞ்சம் மாறினாலும் உக்காராது. மெக்கானிக் வீட்டுக்கு வந்து மாத்தினா கழட்டின பழைய பார்ட்டை கேட்டு வாங்கி, புதுசுல எழுதியிருக்கற நம்பரும் அதே நம்பர்தானான்னு அவர் இருக்கும்போதே பாத்துடுங்க.