ஸ்பானிஷில் மேசை ஏன் பெண்பால்?

தமிழில் பொருளைப் பார்த்துத்தான் பால் பிரிக்கிறோம். ஆள் என்றால் வந்தான், வந்தாள். மேசை என்றால் உடைந்தது. ஸ்பானிஷ் பெயர்ச்சொல்லுக்கு ‘அது’ என்கிற மூன்றாவது வீடு கிடையாது. ஆண்பால், இல்லையென்றால் பெண்பால். மேசை அங்கே ‘மேசா’, பெண்பால். நம் ‘மேசை’யே போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல்தான், அவர்கள் மொழியிலும் அது பெண்பால். மேசையில் பெண்தன்மை எங்கே என்று தேட வேண்டாம். பால் சொல்லோடு ஒட்டியது. ஓர் ஆணைப் பற்றிப் பேசும்போதுகூட ‘பெர்சோனா’ (நபர்) பெண்பாலாகவே நிற்கும்.

படி 1: சொல்லின் முடிவைப் பாருங்கள்

‘ஓ’ என்று முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், முன்னால் ‘எல்’ (ஆங்கில ‘the’ போன்ற முன்சொல்) வரும்: எல் லிப்ரோ (புத்தகம்). ‘ஆ’ என்றால் பெரும்பாலும் பெண்பால், ‘லா’ வரும்: லா காசா (வீடு). சியோன், தாத் என்று முடிபவைக்கும் லாதான்: லா கான்சியோன் (பாட்டு), லா சியுதாத் (நகரம்).

படி 2: ‘எல்’, ‘லா’ சேர்த்தே எழுதுங்கள்

லா நோச்சே (இரவு), எல் கோச்சே (கார்). ஒரே முடிவு, வேறு வேறு பால்! பார்த்து ஊகிக்க வழியே இல்லை. அதனால் நோட்டில் வெறும் ‘நோச்சே’ என்று எழுதாமல் ‘லா நோச்சே’ என்று எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

படி 3: விதிக்கு அடங்காதவை

ப்ரொப்லேமா, சிஸ்தேமா, இதியோமா (மொழி) எல்லாம் ‘ஆ’வில் முடிந்தாலும் ஆண்பால், கிரேக்கத்திலிருந்து வந்த ‘மா’ சொற்கள். ஃபோத்தோ பெண்பால், ஏனென்றால் அது ‘ஃபோத்தோக்ராஃபியா’வின் சுருக்கம்.

மானோ (கை) பெண்பால், தியா (நாள்) ஆண்பால். இந்த இரண்டையும் ‘குளிர்ந்த’ என்ற அடைமொழியோடு சேர்த்துப் படியுங்கள்:

லா மானோ ஃப்ரியா
எல் தியா ஃப்ரியோ

ஒலி குறுக்கே மாறுகிறது, பாருங்கள். அடைமொழி சொல்லின் முடிவைப் பார்ப்பதில்லை, பாலைத்தான் பார்க்கிறது. இந்த இரண்டு வரியும் நாக்கில் படிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பேன்.

படி 4: தண்ணீர்

ஆகுவா பெண்பால். ஆனால் ‘எல் ஆகுவா’ என்பார்கள். அழுத்தமான ‘ஆ’வில் தொடங்கும் பெண்பால் சொல்லுக்கு முன்னால், ஒருமையில் மட்டும், ‘லா’ போய் ‘எல்’ வருகிறது. பால் மாறவில்லை: எல் ஆகுவா ஃப்ரியா. பன்மையில் பழையபடி ‘லாஸ் ஆகுவாஸ்’. சரி, ‘ஆகிலா’ (கழுகு) இதே வகைதான். ஒருமையும் பன்மையும் நீங்களே எழுதிப் பாருங்கள்.