மூலிகைப் பொடியைத் தின்பது இறாலா, குட்டையா?

ஒரு கண்ணாடி டம்ளரில் குட்டைத் தண்ணீரை எடுத்து, மஞ்சள் பொடி கலந்த தீவனத்தில் பத்துக் குருணையைப் போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். தண்ணீர் மஞ்சளாகிவிட்டதா? அப்படியானால் காசு கொடுத்து வாங்கிய மூலிகையைத் தின்றது குட்டைதான்.

வேதாரண்யம் பக்கம் வனாமி இறால் வளர்க்கும் பலர் பொடியைத் தீவனத்தின் மேல் தூவி, தண்ணீர் தெளித்து, கையால் கிளறி உடனே வீசிவிடுகிறார்கள். இறால் மீனைப் போல லபக்கென்று விழுங்காது. குருணையைக் காலால் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொறிக்கும். அதற்குள் ஒட்டாத பொடி கழன்றுவிடும். முட்டை வெள்ளைக்கரு, ஜெலட்டின், மீன் எண்ணெய், கடையில் விற்கும் பைண்டர் (ஒட்டுப்பொருள்), ஏதோ ஒன்று கட்டாயம் வேண்டும். கலந்தபின் அரை மணி நேரமாவது உலர வேண்டும், அதுவும் நிழலில். பூண்டாக இருந்தால் பச்சையாக நசுக்கிச் சேருங்கள். நசுக்கும்போதுதான் அல்லிசின் என்ற கிருமி எதிர்ப்புச் சத்து உருவாகிறது, அது சூட்டில் சிதைந்துவிடும்.

அளவில்தான் கை தாராளமாகிறது. கிலோ தீவனத்துக்கு 5 கிராம் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் 15 கிராம் போடுகிறார்கள். ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்?’ இலுப்பைப் புண்ணாக்கும் மரத்திலிருந்து வந்ததுதான். குட்டையில் இறால் குஞ்சு விடுமுன் வேண்டாத மீனைக் கொல்ல அதைத்தானே போடுகிறோம்! வேம்பு என்றால் எனக்கு இன்னும் பயம். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் தோலுரிப்பைக் கெடுக்கும். இறாலும் அதே வகை ஹார்மோனால் தோலுரித்துத்தான் வளர்கிறது. நிலவேம்பு மாதிரி கசப்பு கூடினாலோ, இறால் தீனியை ஒதுக்கும், மிச்சம் அடியில் அழுகி அம்மோனியா ஏறும். தீனி தின்கிறதா என்று பார்க்கக் குட்டைக்குள் இறக்கும் செக் ட்ரே தட்டில் மிச்சம் தெரிந்தால் அன்றைக்கே குறையுங்கள்.

வெள்ளைப்புள்ளி வைரஸ் நோய் வந்த பிறகு மூலிகை தேடி ஓடுவதில் பயனில்லை. அந்த வைரஸுக்கு மருந்து கிடையாது. தவிர, நோய் முற்றிய இறால் தீனியையே நிறுத்திவிடும், தீனியில் கலந்தது எப்படி உள்ளே போகும்?

‘ஹெர்பல்’ என்ற லேபிளையும் அப்படியே நம்ப வேண்டாம். உள்ளே குளோராம்பெனிகாலோ நைட்ரோபியூரானோ போன்ற தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாட்டிக் இருந்தால், எச்சம் பரிசோதனையில் சிக்கி ஏற்றுமதிச் சரக்கே திரும்பி வரும். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், எல்லாக் குட்டைக்கும் ஒரே நாளில் மூலிகை, புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா), மினரல் மூன்றையும் போட்டுவிட்டு, ‘மூலிகையால்தான் எடை ஏறியது’ என்பது. எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? ஒரே குஞ்சு, ஒரே அடர்த்தியில் ஒரு குட்டையை மூலிகை இல்லாமல் விட்டு, வாரம் ஒருமுறை இரண்டிலும் வீச்சு வலை போட்டு நூறு இறாலை நிறுத்துப் பாருங்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் அப்படித்தான் பார்த்தார். அறுவடையில் இரண்டும் ஒரே கவுண்ட், அதாவது கிலோவுக்கு ஒரே எண்ணிக்கை இறால். பொடி வாங்கும் காசை அடுத்த பருவத்தில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டருக்குப் போட்டார்.