பழைய பவர் ஸ்டியரிங் ராக்கைப் பக்கி வண்டியில் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரும்புக் குழாய்களை வெல்டு செய்து சொந்தமாகப் பக்கி வண்டி கட்டுகிறவர்கள் முதலில் வைப்பது பெரும்பாலும் பவர் இல்லாத சாதாரண ராக்தான். ஸ்டியரிங் வீலின் சுழற்சியை இடவல நகர்வாக்கிச் சக்கரங்களைத் திருப்பும், பல் வெட்டிய தண்டும் அதன் உறையும் சேர்ந்ததே ராக். மணலிலும் சேற்றிலும் ஓடுவதற்காகப் பெரிய டயர் மாட்டியதும் கை சோர்ந்துபோகிறது. சக்கரம் கல்லில் மோதும்போது ஸ்டியரிங் வீல் விரலை முறித்துவிடும் வேகத்தில் சுழல்கிறது. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைக்குப் போய், பிரித்துப்போட்ட காரிலிருந்து எடுத்த பவர் ஸ்டியரிங் ராக் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்ற எண்ணம் அப்போது வருகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ராக் வேறொரு காரின் அகலத்துக்கும், அதன் சஸ்பென்ஷனுக்கும், எண்ணெயை அழுத்தித் தள்ளும் அதன் பம்புக்கும் அளவெடுத்துச் செய்யப்பட்டது. அதை மறந்து, போல்ட் துளைகள் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்ப்பதிலிருந்துதான் இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. பவர் ஸ்டியரிங் வண்டியின் ராக் வேண்டும் என்று கேட்டால், கைக்கு வருவது நாம் நினைத்த பொருளாக இருக்க வேண்டியதில்லை. ஆல்ட்டோ, வேகன்ஆர் போன்ற சிறு கார்களில் உதவி தரும் மின்மோட்டார் டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்து இருக்கிறது. கீழே இருப்பது எண்ணெய் ஓடாத சாதாரண ராக். அக்சென்ட், ஐகான் காலத்துக் கார்களில்தான் ராக்குக்குள்ளேயே பிஸ்டனும் சீல்களும், பினியன் (ராக் தண்டின் பற்களோடு கடிக்கும் சிறு பல்சக்கரம்) தலையில் எண்ணெயை இடமும் வலமும் பிரித்துவிடும் வால்வும் இருக்கும். ராக்கின் உடலை ஒட்டி ஓடும் இரண்டு மெல்லிய இரும்புக் குழாய்களும், பினியன் தலையில் நான்கு குழாய் வாய்களும் தெரிந்தால் அது எண்ணெய் ராக். வண்டியில் பைக் என்ஜின் வைத்திருப்பவர்கள் இந்த இடத்திலேயே நின்று யோசிக்க வேண்டும். அந்த என்ஜினில் பம்பை ஓட்டப் புல்லி கிடையாது. மின்மோட்டார் வகை என்றால் நின்ற இடத்தில் திருப்பும்போது 50 ஆம்பியர் வரை இழுக்கும், அதாவது 12 வோல்ட்டில் 600 வாட். பைக்கின் சார்ஜிங் காயில் அதற்கு ஈடுகொடுக்காது.

அடுத்தது, வெளிப்பளபளப்பைப் பார்த்து வாங்குவது. ஒருமுறை நான் பேரம் முடித்துப் பணத்தை எடுக்கும் நிலையில் இருந்த ராக், டீசல் போட்டுத் துடைத்துப் புதிதுபோல் இருந்தது. மனம் கேட்காமல், பல் இல்லாத பக்கத்துப் பூட்டின் (ராக்கின் முனையை மூடும் மடிப்பு ரப்பர் உறை) கிளிப்பைக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளியபோது கறுத்த எண்ணெய் உள்ளங்கையில் வடிந்தது. பினியனைத் திருப்பித் தண்டை முழுவதும் வெளியே தள்ளிப் பார்த்தால், உள் பால் ஜாயிண்டுக்கு (தண்டின் முனையையும், சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் கம்பியான டை ராடையும் இணைக்கும் உருண்டை மூட்டு) அருகில் மோதிரம் போல ஒரு துரு வளையம். நகத்தால் வருடினால் குழி தட்டுப்பட்டது. கிழிந்த பூட்டுக்குள் மழைநீர் தேங்கி நின்றிருந்த தடம் அது. திருப்பும்போதெல்லாம் அந்தக் குழி விழுந்த பகுதி சீலுக்குள் போய்த் திரும்பும். புதுச் சீல் போட்டாலும் அதே குழி மறுபடி அரைத்துவிடும். சீல் பழுதாவது செலவு, அவ்வளவுதான். தண்டு குழி விழுந்திருந்தால் அந்த ராக்கை வாங்கவே கூடாது.

எண்ணெய் இல்லாத ராக்காக இருந்தாலும் பினியனை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கையால் மெதுவாகத் திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். காரின் வாழ்நாளில் பெரும்பகுதி நேராக ஓடியே கழிவதால், பற்கள் நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடுவில் ஆட்டம் தெரிகிறது என்று பின்புற அட்ஜஸ்டர் நட்டை இறுக்கினால், நடுப்பகுதி சரியானது போலத் தோன்றும். ஆனால் தேயாத இரண்டு ஓரங்களிலும் தண்டு பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. மேட்டுச் சரிவில் அது நடந்தால் வண்டி கவிழக்கூடும். திருப்பும்போது ஓரிடத்தில் இறுகி, மறு இடத்தில் தளர்ந்தால் தண்டு வளைந்திருக்கலாம். சந்தைக்கு வரும் கார்களில் விபத்தில் சிக்கியவை நிறைய. முன்சக்கரம் அடிபட்ட வண்டியா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் வேண்டாம்.

ராக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வருவதும் தவறு. அதே காரின் பம்ப், எண்ணெய் டப்பா, ரப்பர் புஷ், பிராக்கெட், இரண்டு குழாய்கள் ஆகியவற்றோடு, பினியனில் மாட்டும் யூ ஜாயிண்டையும் ஸ்டியரிங் தண்டின் ஒரு சாண் நீளத்தையும் சேர்த்து வாங்குங்கள். பினியனின் பல்வரி எண்ணிக்கையும் விட்டமும் காருக்குக் கார் மாறும். ஏறக்குறையப் பொருந்தும் வேறு ஜாயிண்டைத் தட்டி ஏற்றி போல்ட் போட்டால், அது கையில் இருக்கும்போது இறுக்கமாகவும், காட்டில் கழன்றும் இருக்கும்.

இனி வருவது பலரையும் முதல் நாளிலேயே திகைக்கவைக்கும் தவறு. முன்சக்கர இயக்கக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ராக் முன் அச்சுக்குப் பின்னால் இருக்கும். பக்கி வண்டியில் அந்த இடத்தில் ஓட்டுநரின் பாதமும் பெடல்களும் இருப்பதால், ராக்கை அச்சுக்கு முன்னால் கொண்டுபோகிறார்கள். அப்படியே நகர்த்தினால் வலப்பக்கம் திருப்ப வண்டி இடப்பக்கம் போகும். மாட்டுவதற்கு முன் தரையில் வைத்தே சோதிக்கலாம்: ஓட்டுநர் பார்வையில் பினியனைக் கடிகாரச் சுற்றில் திருப்பும்போது, அச்சுக்கு முன்னால் வைக்கப்போகும் ராக்கின் தண்டு வலப்பக்கமும், பின்னால் வைக்கப்போவதன் தண்டு இடப்பக்கமும் நகர வேண்டும். தண்டு தவறான பக்கம் போனால், ராக்கை முன்பின்னாகத் திருப்பிவைத்தால் திசை சரியாகும். ஆனால் பினியன் மறுபக்கத்துக்குப் போய்விடும், அதன் தலையும் முன்னோக்கிச் சாயும். இதைத் தவிர்க்க இடம் வலமாக நக்கிள்களை (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கித் திரும்பும் பாகங்கள்) மாற்றி மாட்டுகிறவர்கள் உண்டு. திசை சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் வளைவில் உள் சக்கரம் அதிகமாகத் திரும்ப வேண்டியதற்கு மாறாகக் குறைவாகத் திரும்பி, டயர் இழுபடும்.  அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லாவற்றிலும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது அகலம். கார் ராக்கின் இரண்டு உள் பால் ஜாயிண்டுகளுக்கு இடையிலான தூரம், பக்கி வண்டியின் சஸ்பென்ஷன் ஆர்ம்கள் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைத்து ஏறி இறங்கவிடும் கைகள்) சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும் இடங்களின் இடைவெளியைவிடப் பெரும்பாலும் அதிகம். மேலும் கீழும் ஆர்ம் உள்ள சஸ்பென்ஷனை முன்னாலிருந்து பார்த்தால், டை ராடின் உள் ஜாயிண்ட் இரண்டு ஆர்ம்களின் உள் மூட்டுகளையும் இணைக்கும் கோட்டின் மேலோ மிக அருகிலோ இருக்க வேண்டும். டை ராடை உள்நோக்கி நீட்டினால், அந்தக் கோடு இரண்டு ஆர்ம்களின் கோடுகளும் சந்திக்கும் புள்ளியை நோக்கிப் போக வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும், ஓட்டுநர் திருப்பாமலேயே அது திரும்பும். சாலையில் ஓடும் காரில் சக்கரம் சிறிதளவே ஏறி இறங்குவதால் இந்தக் குறை மறைந்துகொள்ளும், 250 மி.மீ. ஏறி இறங்கும் வண்டியில் ஒளிய இடமில்லை.

இதைக் கண்டுபிடிக்க அரை நாளும் ஓர் அளவுகோலும் போதும். ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி, ஹப்பில் ஒரு நேரான சதுரக் குழாயை முன்பின்னாகப் படுக்கவைத்து போல்ட் செய்யுங்கள். ஜாக்கியால் ஹப்பை 25 மி.மீ. வீதம் உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து குழாயின் முன்முனைக்கும் பின்முனைக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் 100 மி.மீ. ஏறியபோது இரண்டு அளவுகளுக்கும் இடையே 11 மி.மீ. வேறுபாடு வந்தது. ராக்கின் கீழிருந்த தகட்டை எடுத்துவிட்டு 12 மி.மீ. இறக்கியதும் அது 2 மி.மீ. ஆகக் குறைந்தது. அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டரைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது. அகலமே பொருந்தாத ராக்கை உயரம் மாற்றிச் சரிசெய்ய முடியாது. தண்டை அறுத்துக் குட்டையாக்கவும் கூடாது. அது கடினப்படுத்தப்பட்ட எஃகு, பிஸ்டனும் அதன் மேலேயே இருக்கிறது. ஆகவே புதிதாக வண்டி கட்டுகிறவர்கள் ராக்கை முதலில் வாங்கி, ஆர்ம் மூட்டுகளை அதன் அளவுக்கு வைப்பதே சரியான வரிசை.

பவர் வந்ததும் டை ராடின் மேல் விழும் பாரமும் மாறுகிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிலிண்டரின் உள்விட்டம் 40 மி.மீ., தண்டு 24 மி.மீ. என்றால், எண்ணெய் தள்ளும் பரப்பு ஏறத்தாழ 800 சதுர மி.மீ.; அழுத்தம் 70 பார் என்றால் விசை சுமார் 5,600 நியூட்டன், கிட்டத்தட்ட 570 கிலோ எடை. சக்கரம் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கியிருக்கும்போது திருப்பினால் அந்த விசை முழுவதையும் டை ராடே தாங்க வேண்டும். கைபலத்துக்குப் போதுமாயிருந்த மெல்லிய டை ராட் வில்லாக வளைந்துவிடும். நீளம் போதவில்லை என்று இரண்டு துண்டை ஒட்டி வெல்டு செய்வதை எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள். தடித்த சுவருள்ள எஃகுக் குழாயின் ஒரு முனையில் வலமரையும் மறுமுனையில் இடமரையும் லேத்தில் போட்டு, விட்டத்தின் ஒன்றரை மடங்காவது மரை உள்ளே போகும்படி ஏற்றி, செக் நட் போட்டு இறுக்க வேண்டும்.

ராக்கின் ஓட்டமும் அப்படித்தான். பக்கி வண்டியின் நக்கிள் கை குட்டையாக இருந்தால், கார் ராக்கின் முழு ஓட்டமும் சக்கரத்தை அளவுக்கு மீறித் திருப்பி, டை ராடும் நக்கிள் கையும் நேர்கோட்டை நெருங்கிவிடும். அதைத் தாண்டினால் சக்கரம் மறுபுறம் மடங்கித் திரும்பி வராது. உள் பால் ஜாயிண்டுக்குப் பின்னால், பூட்டுக்குள், தண்டின் மேல் ஒரு வளையம் போட்டு ஓட்டத்தைக் குறைப்பது எளிய வழி.

பொருத்தும் வேலைக்கு வருவோம். எண்ணெய் ராக்கில் வெளியே தெரியும் குழாய் வெறும் உறையல்ல, அதுவே சிலிண்டர். யூ கிளாம்ப்பை அதன் மேல் போட்டு முழு பலத்தோடு இறுக்கினால் சிலிண்டர் நீள்வட்டமாகி, பிஸ்டன் சீல் அந்த இடத்தில் கிழியும். காரில் இருந்த இடங்களிலேயே, அதே ரப்பர் புஷ்ஷோடு பிடியுங்கள். பிராக்கெட்டை அளவு பார்க்க ராக்கையே வைத்து வெல்டு அடிப்பது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அந்தச் சூடு சீல்களைக் கருக்கும். எர்த் கம்பி தவறான இடத்தில் இருந்தால் மின்சாரம் பினியன் பேரிங் வழியே பாய்ந்து அதையும் கெடுக்கும். அதே அளவில் ஒரு குழாயை டம்மியாகச் செய்து, அதை வைத்து பிராக்கெட்டுகளை வெல்டு செய்துவிட்டு, ஆறிய பிறகு ராக்கை ஏற்றுங்கள்.

இரண்டு பூட்டுகளையும் இணைக்கும் சிறிய காற்றுக்குழாயைத் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள். தண்டு ஒரு பக்கம் நகரும்போது ஒரு பூட் சுருங்கி மறு பூட் விரியும். காற்று போய்வர வழி இல்லாவிட்டால் கிளிப்பின் இடுக்கு வழியாகத் தூசியையும் சேற்றுநீரையும் உறிஞ்சும். ஓடையில் இறங்கும் வண்டிக்கு அந்த ஒரு குழாயே ராக்கின் ஆயுள்.

என்ஜின் பின்னால் இருக்கும் வண்டியில் பம்ப் பின்னாலும் ராக் முன்னாலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே அழுத்தப் பக்கத்தில் ரப்பர் குழாயை நுழைத்து ஹோஸ் கிளிப் போடுவது உயிரோடு விளையாடுவது. ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் அழுத்தம் தாங்கும் ஹோஸை முனை அழுத்திப் பொருத்தி வாங்குங்கள். நீண்ட தூரத்துக்கு எஃகுக் குழாய், இரு முனைகளிலும் ஹோஸ் என்று அமைத்து, சைலன்சரிலிருந்து விலக்கி, உட்காருமிடத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். அந்த எண்ணெய் தீப்பிடிக்கும். கசிவைத் தேடும்போது கையை வைத்துத் தடவக் கூடாது. ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் டப்பா மூடியில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் கலந்தால் சீல்கள் ஊதிப்போகும். கடையிலிருந்து கொண்டுவரும்போது குழாய் வாய்களை அடைத்துக்கொண்டு வருவதும், திரும்பும் எண்ணெய்ப் பாதையில் ஒரு சிறு பில்டர் வைப்பதும் பினியன் வால்வுக்குள் மணல் போகாமல் காக்கும்.

பம்ப் இல்லாமலேயே பவர் ராக்கை ஓட்டிவிடலாம் என்று எண்ணி, குழாய் வாய்களை போல்ட் போட்டு அடைக்கிறார்கள். உள்ளே எண்ணெய் மிச்சம் இருந்தால் அது போக இடமின்றி ஸ்டியரிங்கைப் பூட்டிவிடும். சிலிண்டரின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் போகும் இரண்டு வாய்களையும் ஒரு ஹோஸால் இணைத்தால் பூட்டிக்கொள்ளாது. ஆனால் வால்வுக்காகப் பினியனுக்குள் வைத்திருக்கும் முறுக்குத் தண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் முதலில் தான் முறுகிவிட்டுத்தான் சக்கரத்தைத் திருப்பும். பம்ப் வைக்க இடமில்லை என்றால் சாதாரண ராக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டியதும் என்ஜினை உடனே முடுக்காதீர்கள். முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து, எண்ணெய் நிரப்பி, என்ஜின் ஓடாத நிலையில் கோடிக்குக் கோடி இருபது முறையாவது மெதுவாகத் திருப்பி, மட்டம் குறையக் குறைய ஊற்றுங்கள். நுரை நின்ற பிறகே என்ஜின். கோடியில் சில வினாடிகளுக்கு மேல் பிடித்து வைத்தால் பம்பின் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகும். ராக்கின் நடுவும் ஸ்டியரிங் வீலின் நடுவும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை இந்த நேரத்தில் பாருங்கள். வீல் கோணலாக இருந்தால் டை ராடுகளை நீட்டிக் குறுக்கி மறைக்காமல், வீலைக் கழற்றிப் பல்வரியில் மாற்றி மாட்டுங்கள்.

ஒவ்வொரு நட்டின் தலையிலிருந்தும் பிராக்கெட் வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு, திறந்த வெளியில் பத்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டித் திரும்பி வந்து அந்தக் கோடுகளைப் பாருங்கள். கோடு விலகிய இடத்தில் நட்டை இறுக்குவதற்கு முன், அந்த பிராக்கெட் நெளிகிறதா என்று ஒருவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிப் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.