ஓர் இடத்தின் காலநிலையைக் கண்டுபிடிக்க எளிய வழி

ஒரு வாரக் குளிரையோ ஒரு கோடையையோ வைத்துக் காலநிலையை முடிவு செய்யாதீர்கள். அது வானிலை. காலநிலைக்குக் குறைந்தது 30 ஆண்டு சராசரி வேண்டும். உலக வானிலை அமைப்பு சொல்லும் அளவும் அதுதான்.

அந்தச் சராசரியில் மாதவாரி வெப்பநிலை, மழை இரண்டையும் எடுங்கள். அங்கே எந்தப் பல்லுயிர்த் தொகுதி (காடு, பாலைவனம் போன்ற பெரிய இயற்கை வாழிடம்) இருக்கும் என்பதை இதை வைத்தே பெரும்பாலும் ஊகித்துவிடலாம். மிக வெப்பமான மாதமே 10 டிகிரி செல்சியஸைத் தாண்டாவிட்டால் மரங்கள் காடாக வளராது, அது பெரும்பாலும் தூந்திரா, அதாவது மரமற்ற குளிர்நிலம். எல்லா மாதமும் 18 டிகிரிக்கு மேல், மழையும் மாதம் தவறாமல் 60 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் மழைக்காடு. ஆண்டு முழுக்கச் சேர்த்தும் 250 மில்லிமீட்டர் தேறவில்லையா? பெரும்பாலும் பாலைவனம். குளிர்ந்த பாலைவனமும் உண்டு, வெயிலை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

சரி, காலநிலை மாறியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே இடத்தின் 1961–1990 சராசரியை 1991–2020 சராசரிக்குப் பக்கத்தில் வையுங்கள். பகல் வெப்பத்தோடு நிறுத்தாமல் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் கட்டாயம் பாருங்கள். பல இடங்களில் அது பகலைவிட வேகமாக ஏறியிருக்கிறது. அப்புறம், மழையின் மொத்த அளவு மாறாமல் பெய்யும் மாதங்கள் மட்டும் நகர்ந்திருக்கலாம், அதையும் கவனியுங்கள்.